பவுண்டரி ஸ்கேனுக்கு போர்டு பாகங்களை வகைப்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பைன்டவுன் பக்கமும் மேலே மிட்ராண்ட், சென்சூரியன் பக்கமும் போர்டு அசெம்பிளியிலும் பழுதுபார்ப்பதிலும் இருக்கும் தமிழர்களுக்கான பக்கம் இது. ஸ்கீமாட்டிக் படிக்கத் தெரியும், சாலிடர் வைக்கத் தெரியும்; ஆனால் பவுண்டரி ஸ்கேன் (சிப்புகளுக்குள்ளேயே இருக்கும் சோதனைச் செல்கள் வழியாகப் போர்டின் இணைப்புகளைச் சோதிக்கும் முறை) மென்பொருளில் புதிய புராஜெக்ட் திறந்ததும் அறுநூறு பாகங்கள் 'வகை குறிக்கப்படவில்லை' என்று வரிசையாக நிற்கின்றன. அங்கே திகைத்து நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். மென்பொருளுக்கு மென்பொருள் வகைகளின் பெயர் மாறும், உள்ளே இருக்கும் கணக்கு மாறாது.

பாகங்களை எதற்காக வகைப்படுத்த வேண்டும்? நெட்லிஸ்ட் கொடுத்தால் போதாதா?

போதாது. எந்தப் பின் எந்த நெட்டில் (ஒன்றாக இணைந்த பின்களின் கூட்டத்தில்) இருக்கிறது என்பதை மட்டும்தான் நெட்லிஸ்ட் சொல்லும். நடுவில் உட்கார்ந்திருக்கும் பாகம் சிக்னலை என்ன செய்கிறது என்பது அதில் இருக்காது.

1990-இல் வந்த ஐஇஇஇ 1149.1 தரத்தின்படி, ஜேடேக் (இந்தச் சோதனைக்கான இணைப்பு) உள்ள சிப்பின் ஒவ்வொரு சிக்னல் பின்னுக்குப் பக்கத்திலும் ஒரு சிறிய செல் இருக்கிறது. அந்தச் செல் வழியாகப் பின்னில் 0 அல்லது 1 வைக்கலாம், பின்னில் இருப்பதைப் படிக்கவும் செய்யலாம். ஒரு சிப்பிலிருந்து அனுப்பி இன்னொரு சிப்பில் படித்தால் நடுவில் இருக்கும் சாலிடரும் டிராக்கும் சரியா என்று தெரிந்துவிடும். கால்கள் அடியில் மறைந்திருக்கும் பிஜிஏ சிப்பின் அடியில் புரோப் வைக்க முடியாத இடத்தில் இதுதான் வழி.

அந்த இரண்டு சிப்புக்கும் நடுவில் 33 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் சிக்னல் போகும், 100 நானோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால் போகாது, ஒரு பஃபர் இருந்தால் அதன் எனேபிள் பின்னைப் பொறுத்தது. மென்பொருளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் வகைப்படுத்தல். பாகத்தின் பெயரைப் பார்த்து வகை எழுதாதீர்கள். அந்த இடத்தில் அது 0-வையும் 1-ஐயும் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரே ரீலில் இருந்து எடுத்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒரே போர்டில் மூன்று இடத்தில் மூன்று வகைக்குப் போகலாம்.

எந்த வரிசையில் தொடங்குவது?

பவர், கிரவுண்ட் நெட்டுகள் முதலில். பிறகு ஜேடேக் சிப்புகள், பிறகு ரெசிஸ்டர் முதலான இரண்டு கால் பாகங்கள், அதன் பிறகு பஃபர், மெமரி, கடைசியில் கனெக்டர். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிக்கும். எது பவர் நெட் என்று தெரியாதவரை எந்த ரெசிஸ்டர் புல்-அப், எது தொடர் ரெசிஸ்டர் என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை.

கையில் மூன்று கோப்புகள் வேண்டும்: நெட்லிஸ்ட், பாகப் பட்டியல், ஒவ்வொரு ஜேடேக் சிப்புக்கும் அதன் பின்களையும் செல்களையும் விவரிக்கும் பிஎஸ்டிஎல் கோப்பு. ஸ்கீமாட்டிக் பிடிஎஃப் பக்கத்தில் திறந்தே இருக்கட்டும்.

பாகப் பட்டியலை ஏற்றினால் 4.7 கிலோ ஓம் எல்லாம் 47 கிலோ ஓம் என்று வருகிறதே?

தென்னாப்பிரிக்காவில் விண்டோஸை உள்ளூர் அமைப்பில் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை. இங்கே தசமக் குறி காற்புள்ளி. எக்செல்லில் பட்டியலைத் திறந்து சிஎஸ்வி-யாகச் சேமித்தால் 4.7 என்பது '4,7' ஆகிவிடும். பத்தியைப் பிரிக்கும் குறியும் காற்புள்ளியிலிருந்து அரைப்புள்ளிக்கு மாறிவிடும். ஒரு மென்பொருள் காற்புள்ளியை விட்டுவிட்டு 47 என்று படிக்கும், இன்னொன்று 4-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த பத்தியில் தள்ளும்.

மதிப்புகளை 4கே7, 0ஆர், 2ஆர்2 என்ற முறையில் எழுதச் சொல்வது நல்லது. பெருக்கெழுத்தே தசமக் குறியாக நிற்பதால் எந்தக் கணினியிலும் குழப்பம் வராது. பட்டியலை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், எல்லாப் பத்தியையும் 'எழுத்து' என்று குறித்து இறக்குமதி செய்யுங்கள். எண்களுக்கு நடுவே ஒற்றை ஈ எழுத்து வரும் பார்ட் நம்பர்களை எக்செல் அடுக்கு எண்ணாக மாற்றிவிடும். அந்தத் தொல்லையும் இதில் வராது. ஏற்றிய பின் மதிப்பு வாரியாக வரிசைப்படுத்தி ஒரு பார்வை பாருங்கள். 47 கிலோ ஓம் நாற்பது இடத்தில் இருந்து 4.7 கிலோ ஓம் ஒன்றுகூட இல்லையென்றால் விஷயம் புரிந்துவிடும்.

பவர் நெட் ஒன்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

அந்த நெட்டில் கட்டிய புல்-அப் ரெசிஸ்டர்கள் எல்லாம் இரண்டு சிக்னலை இணைக்கும் தொடர் ரெசிஸ்டராகத் தெரியும். இருபது சிக்னல்கள் ஒரே நெட்டோடு சேர்ந்துவிட்டதாக மென்பொருள் நினைத்துக்கொள்ளும். அவற்றுக்கிடையே உண்மையான ஷார்ட் இருந்தாலும் 'அது இணைப்புதானே' என்று விட்டுவிடும்.

3வி3, 1வி8, ஏஜிஎன்டி மாதிரி பெயர்கள் சுலபமாகப் பிடிபடும். தப்புவது ஃபெரைட் பீடுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெட்டுகள்: பிஎல்எல் சப்ளை, அனலாக் சப்ளை, கனெக்டருக்குப் போகும் 5 வோல்ட். இவற்றுக்குப் பல நேரம் பெயரே இருக்காது, மென்பொருள் வைத்த எண்தான் இருக்கும். ஒரு நெட்டில் பத்துப் பன்னிரண்டு கெபாசிட்டர் கிரவுண்டுக்குப் போனால் அது பவர் என்று வைத்துக்கொண்டு ஸ்கீமாட்டிக்கில் சரிபாருங்கள்.

பிஎஸ்டிஎல் கோப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பேக்கேஜ். ஒரே சிப்புக்கு 100 பின்னுக்கு ஒரு கோப்பும் 144 பின்னுக்கு ஒரு கோப்பும் இருக்கும். தவறானதை எடுத்தால் ஐடிகோடு (சிப்பின் அடையாள எண்) சரியாகவே வரும், செயினும் (வரிசையாகக் கோத்த ஜேடேக் சிப்புகள்) ஓடும், ஆனால் பின் எண்கள் எல்லாம் தப்பாக இருக்கும்.

அடுத்து, இணக்க நிபந்தனை. சில சிப்புகளில் ஒரு பின்னை மேலேயோ கீழேயோ பிடித்தால்தான் பவுண்டரி ஸ்கேன் வேலை செய்யும்; கோப்பில் 'கம்ப்ளையன்ஸ் பேட்டர்ன்ஸ்' என்ற பகுதியில் அது இருக்கும். அந்தப் பின் போர்டில் எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் நேராகக் கட்டியிருந்தால் டிசைனரிடம்தான் போக வேண்டும்.

'லிங்கேஜ்' என்று குறித்த பின்களுக்குச் செல் இல்லை. பவர் பின்களும் அனலாக் பின்களும் அதில்தான் வரும். அவற்றின் சாலிடரை இந்தச் சோதனை பார்க்காது.

எஸ்டிஎம்32 எஃப்4 மாதிரி மைக்ரோகன்ட்ரோலர்களில் ஒரே சிப்புக்குள் இரண்டு டேப் (ஜேடேக் கட்டுப்பாட்டுப் பகுதி) தொடராக இருக்கின்றன: பவுண்டரி ஸ்கேனுக்கு 5 பிட் நீளமுள்ள இன்ஸ்ட்ரக்ஷன் ரெஜிஸ்டர், கார்டெக்ஸ் கோருக்கு 4 பிட். செயினில் ஒரே சிப் என்று எழுதினால் நீளம் பொருந்தாமல் எல்லாமே பிசகும். இரண்டு ஜேடேக் சாதனங்களாக எழுதி, கோரை பைபாஸில் (ஒரே பிட்டில் கடந்துபோகும் நிலை) விடுங்கள்.

உள்சுற்றை நாமே ஏற்றி அமைக்கும் எஃப்பிஜிஏ சிப்பின் விஷயம் வேறு. ஆலையிலிருந்து வரும் பிஎஸ்டிஎல், கன்ஃபிகர் ஆகாத சிப்புக்கு எழுதியது. ஃபிளாஷிலிருந்து டிசைன் ஏறிவிட்டால் சில பின்களின் திசையும் மின்னழுத்தத் தரமும் மாறிவிடும். சோதனையின்போது கன்ஃபிகர் ஆகாமல் தடுங்கள். முடியாவிட்டால் அந்த டிசைனுக்கென்று பிஎஸ்டிஎல் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

செயினே தெரியவில்லை. இது வகைப்படுத்தல் தவறா?

பெரும்பாலும் இல்லை. ரீசெட் ஆனதும் ஐடிகோடு உள்ள சிப் 32 பிட்டைக் கொடுக்கும், அதில் முதலில் வெளிவரும் பிட் (பிட் 0) எப்போதும் 1. ஐடிகோடு இல்லாத சிப் பைபாஸில் நின்று ஒரு 0 கொடுக்கும். டிடிஓ-வில் (செயினின் வெளியீட்டுப் பின்) ஓயாமல் 1 வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. ஓயாமல் 0 வந்தால் ஷார்ட் அல்லது பவர் இல்லை. டிஎம்எஸ்-ஐ (நிலை மாற்றும் பின்) 1-இல் வைத்து ஐந்து கிளாக் கொடுத்தால் எந்த நிலையிலிருந்தும் ரீசெட்டுக்கு வந்துவிடும். டிஆர்எஸ்டி (ஜேடேக் ரீசெட்) பின் கீழே பிடிபட்டுக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு புல்-டவுன் வைத்த போர்டுகள் உண்டு, அடாப்டர் அதை மேலே தூக்க வேண்டும்.

ரெசிஸ்டரில் எது 'இணைப்பு', எது 'புல்-அப்'?

ஒரு முனை பவரில் இருந்தால் புல்-அப், கிரவுண்டில் இருந்தால் புல்-டவுன். இரண்டு முனையும் சிக்னலில் இருந்தால் தொடர் ரெசிஸ்டர். இவ்வளவு தூரம் மென்பொருளே செய்துவிடும். சிக்கல் தொடர் ரெசிஸ்டரின் மதிப்பில்.

ஒரு நெட்டைப் பாருங்கள். அனுப்பும் பின், ஒரு தொடர் ரெசிஸ்டர், படிக்கும் பின். படிக்கும் பக்கத்தில் 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப். அனுப்பும் பின் 0 வைக்கிறது. தொடர் ரெசிஸ்டர் 33 ஓம் என்றால் படிக்கும் பின்னில் 0.02 வோல்ட், கவலையே இல்லை. 1 கிலோ ஓம் என்றால் 0.58 வோல்ட், 0.8-க்குக் கீழே இருப்பதால் 0 என்று படிக்கும். 2.2 கிலோ ஓம் என்றால் 1.05 வோல்ட்: 0-வின் எல்லையான 0.8-க்கும் 1-இன் எல்லையான 2.0-க்கும் நடுவில். ஒரு போர்டில் 0 வரும், அடுத்த போர்டில் 1 வரும், காலையில் பாஸ் ஆனது மத்தியானம் ஃபெயில் ஆகும். 10 கிலோ ஓம் என்றால் 2.24 வோல்ட், எப்போதும் 1. அதாவது இணைப்பு இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

ஆகவே '1 கிலோ ஓமுக்குக் கீழே எல்லாம் இணைப்பு' என்ற பொது விதியை மென்பொருளில் போட்டுவிட்டு நகரலாம், ஆனால் 470 ஓமிலிருந்து 10 கிலோ ஓம் வரை உள்ள தொடர் ரெசிஸ்டர்களைப் பட்டியலிட்டு, மறுபக்கம் என்ன இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு போர்டில் பத்துப் பதினைந்துதான் தேறும்.

எல்இடி-க்குப் போகும் ரெசிஸ்டரை புல்-டவுன் என்று எழுதாதீர்கள். எல்இடி வழியாகக் கிரவுண்டுக்குப் போவதால் அப்படித் தோன்றும். ஆனால் நெட்டை விட்டதும் மின்னழுத்தம் எல்இடி-யின் சுமார் 1.8 வோல்ட் வரை இறங்கி அங்கேயே தொங்கும், 0-க்கு வராது.

புல்-அப் ரெசிஸ்டரே போடாமல் விட்டிருந்தால் சோதனை கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் இரண்டு காரணங்களால் தப்பும். ஒன்று, நெட்டை முதலில் 0-வுக்கு இழுத்து, பிறகு விட்டு, பிறகு படிக்க வேண்டும். 1-இல் இருந்த நெட்டை விட்டால் சிமாஸ் இன்புட்டில் தேங்கிய சார்ஜே சிறிது நேரம் 1 என்று காட்டும். இரண்டு, சிப்புக்குள் ஒரு உள் புல்-அப் இருந்தால் வெளியே இருப்பது இல்லாவிட்டாலும் 1 வரும். இரண்டாவதற்கு வழி கிடையாது. அந்த ரெசிஸ்டர் சோதிக்கப்படவில்லை என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

10 மெகாஹெர்ட்ஸில் புல்-அப் சோதனை ஃபெயில், 1 மெகாஹெர்ட்ஸில் பாஸ். ஏன்?

அனுப்புவதற்கும் படிப்பதற்கும் நடுவில் கிடைப்பது இரண்டரை கிளாக் மட்டும். 10 மெகாஹெர்ட்ஸில் அது 250 நானோவினாடி. 10 கிலோ ஓம் புல்-அப், டிராக்கும் பின்களும் சேர்ந்து 50 பிக்கோஃபாரட் என்று வைத்தால் நேர மாறிலி 500 நானோவினாடி. நெட் பாதி கூட ஏறுவதற்குள் படித்துவிடுகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் 2.5 மைக்ரோவினாடி கிடைக்கிறது, ஐந்து நேர மாறிலி, நன்றாக ஏறிவிடும்.

மொத்தச் சோதனையையும் மெதுவாக ஓட்ட வேண்டியதில்லை, புல் சோதனைக்கு மட்டும் காத்திருப்பு நேரம் சேர்த்தால் போதும். ரீசெட் நெட்டில் 100 நானோஃபாரட் இருந்தால் கதை வேறு: 10 கிலோ ஓமோடு சேர்ந்து 1 மில்லிவினாடி நேர மாறிலி. அதற்கு 5 மில்லிவினாடி தனியாகக் கொடுங்கள்.

கெபாசிட்டர்களை எல்லாம் 'கவனிக்காதே' என்ற வகையில் போடலாமா?

பவருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருப்பவற்றை மொத்தமாகப் போடலாம். சிக்னலிலிருந்து கிரவுண்டுக்குப் போவதை மேலே சொன்ன நேரக் கணக்குக்காகப் பாருங்கள். சிக்னலில் தொடராக இருப்பது, அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் மாதிரி வேக ஜோடிகளில் வரும் இணைப்புக் கெபாசிட்டர், 1149.1 சோதனைக்குத் திறந்த சுற்றுதான். அதைத் தாண்டிச் சோதிக்க 2003-இல் வந்த 1149.6 வேண்டும், இரண்டு பக்கச் சிப்பும் அதை ஆதரிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பயனில்லை, சோதிக்கப்படவில்லை என்று குறியுங்கள்.

ஃபெரைட் பீட், ஃபியூஸ், காயில்?

இணைப்பு. காமன் மோட் சோக்குக்கு மட்டும் நான்கு கால். எந்தக் காலுக்கு எது ஜோடி என்று டேட்டாஷீட் பார்த்து எழுதுங்கள்.

ரெசிஸ்டர் நெட்வொர்க்கில் எப்போதும் பிழை வருகிறதே?

எட்டுக் கால் உள்ள நெட்வொர்க்கில் இரண்டு குடும்பம். தனித்தனி நான்கு ரெசிஸ்டர்: 1-க்கு 8, 2-க்கு 7, 3-க்கு 6, 4-க்கு 5. பொதுக் கால் உள்ளது: 1-ஆம் கால் பொது, மற்ற எல்லாம் அதோடு. இரண்டின் பெயரும் ஸ்கீமாட்டிக்கில் ஆர்என் என்றுதான் இருக்கும். போதாக்குறைக்குச் சில லைப்ரரிகளில் தனித்தனி வகைக்குக் கால் எண்களை 1-2, 3-4 என்று ஜோடி ஜோடியாகப் போட்டிருப்பார்கள். அதற்கு டேட்டாஷீட்டைப் பார்த்தால் உதவாது, நெட்லிஸ்ட்டில் எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

தவறாக எழுதினால் நான்கு நெட்டுகள் ஒழுங்காகக் குறுக்கே மாறியது மாதிரி பிழை வரும், எல்லா போர்டிலும் அதே இடத்தில். இது எல்லாப் பாகத்துக்கும் பொருந்தும்: ஒவ்வொரு போர்டிலும் ஒரே பிழை வந்தால் உங்கள் மாடலைச் சந்தேகியுங்கள், போர்டுக்கு போர்டு மாறினால் சாலிடரைப் பாருங்கள்.

பஃபர், லெவல் ஷிஃப்டர்களை எப்படி எழுதுவது?

74எல்விசி245 என்றால் திசைப் பின்னும் எனேபிள் பின்னும் எங்கே போகின்றன என்பதுதான் முதல் கேள்வி. ஜேடேக் சிப்புக்குப் போனால் முழு மாடல் எழுதுங்கள், இரண்டு திசையிலும் சோதிக்கலாம். கிரவுண்டுக்குக் கட்டியிருந்தால் ஒரு திசை மட்டும். ஜேடேக் இல்லாத சிப்பு ஒன்று கட்டுப்படுத்தினால் அதன் நிலை தெரியாத வரை இதை இணைப்பு என்று எழுதக் கூடாது. இன்வெர்ட்டரை இணைப்பு என்று எழுதுவது அவசரத்தில் நடக்கும் தவறு. 74எச்சி04-க்கும் 74எச்சி07-க்கும் காலமைப்பு ஒன்றே, வேலை நேரெதிர்.

தானாகத் திசை கண்டுபிடிக்கும் டிஎக்ஸ்பி0108 மாதிரி சிப்பு தனி ரகம். நிலைத்த நிலையில் அதன் வெளியீடு சுமார் 4 கிலோ ஓம் வழியாகத்தான் தள்ளும். அந்த நெட்டில் 50 கிலோ ஓமுக்குக் குறைவான புல்-அப் வைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அப்படியும் 4.7 கிலோ ஓம் வைத்த போர்டு வந்தால் 0 ஏறக்குறைய 1.5 வோல்ட்டில் நிற்கும். சோதனை சொல்வது சரி, டிசைன்தான் தவறு.

மெமரி சிப்பில் ஜேடேக் இல்லை. என்ன செய்வது?

அதைச் சுற்றியுள்ள ஜேடேக் சிப் வழியாக எழுதிப் படித்துச் சோதிக்கலாம். ஐ2சி ஈப்ராம் என்றால் முகவரிக்குப் பதில் வருகிறதா என்று பாருங்கள். 24சி02-க்கு முகவரிப் பின்கள் கிரவுண்டில் இருந்தால் ஹெக்ஸில் 50. எஸ்பிஐ ஃபிளாஷ் என்றால் ஹெக்ஸில் 9எஃப் கட்டளை கொடுத்து அடையாள எண்ணைப் படியுங்கள். நான்கு சிக்னலும் சரி என்பதற்கு அது போதும். எஸ்ரேமுக்கு முகவரி, டேட்டா கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆட்டும் சோதனை வேண்டும். டிடிஆர்4-இல் டிஇஎன் என்ற பின் வழியாக இணைப்புச் சோதனை முறை ஒன்று இருக்கிறது. அந்தப் பின்னை நேராகக் கிரவுண்டில் கட்டியிருந்தால் பயன்படுத்த முடியாது.

ஃபிளாஷில் புரோகிராம் ஏற்றுவதையும் இதே வழியில் செய்ய ஆசைப்படாதீர்கள். 600 செல் உள்ள செயின், 10 மெகாஹெர்ட்ஸ்: ஒரு ஸ்கேனுக்கு 60 மைக்ரோவினாடி. எஸ்பிஐ-யில் ஒரு பிட்டுக்கு இரண்டு ஸ்கேன், ஒரு பைட்டுக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிவினாடி. 1 மெகாபைட்டுக்கு 17 நிமிடம். அதே செயினில் 500 நெட்டுகளின் இணைப்புச் சோதனைக்குப் பதினெட்டு ஸ்கேன் போதும், ஏறக்குறைய 1 மில்லிவினாடி. எதற்கு எது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

தானாகவே சிக்னல் தள்ளும் பாகங்களை என்ன வகையில் போடுவது?

ஆசிலேட்டர், ஈதர்நெட் பிஎச்ஒய், ஏடிசி, ஆர்எஸ்-485 ரிசீவர் எல்லாம் இதில் வரும். இவற்றின் வெளியீடு உள்ள நெட்டில் ஜேடேக் சிப் அனுப்பக் கூடாது, படிக்கலாம். ஆசிலேட்டர் நெட்டில் பலமுறை படித்து 0-வும் 1-ம் இரண்டும் வருகிறதா என்று பார்த்தாலே அது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பிஎச்ஒய்-யை ரீசெட்டில் பிடித்துவைத்தால் பல பின்கள் விடுபட்டுவிடும். எவை விடுபடும் என்பது டேட்டாஷீட்டில் இருக்கிறது.

வாட்ச்டாக் சிப்பு தனித் தலைவலி. எக்ஸ்டெஸ்ட்டில் (பின்களைச் செல்கள் கையில் எடுக்கும் சோதனை நிலை) பிராசசர் நின்றுவிடும், வாட்ச்டாக்குக்குத் துடிப்பு வராது, சில நூறு மில்லிவினாடியில் போர்டை ரீசெட் செய்துவிடும். சோதனை தொடக்கத்தில் பாஸ் ஆகி நடுவில் உடைந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

சோதனை தொடங்கியதும் போர்டு ஆஃப் ஆகிவிடுகிறது!

பவர் சிப்புக்குப் போகும் 'பிடித்துவை' சிக்னலைப் பிராசசர் 1-இல் வைத்திருந்தால்தான் போர்டு உயிரோடு இருக்கும். எக்ஸ்டெஸ்ட் அந்தப் பின்னையும் மற்றப் பின் மாதிரி ஆட்டிவிடுகிறது. அந்த நெட்டுக்கு 'எப்போதும் 1' என்று நிபந்தனை போடுங்கள். ரெகுலேட்டர் எனேபிள் பின்களுக்கும் அப்படியே.

இதைவிடப் பெரிய ஆபத்து ரிலே, மாஸ்ஃபெட் கேட் டிரைவர் உள்ள போர்டுகளில். இங்கே பழுதுக்கு அதிகம் வருவது பிரீபெய்டு மீட்டர் போர்டும், லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) காலத்தில் வீட்டுக்கு வீடு ஏறிய இன்வர்ட்டர் போர்டும்தான். இன்வர்ட்டரில் ஒரே கிளையின் மேல், கீழ் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒன்றாக ஆன் ஆனால் பேட்டரி நேராக ஷார்ட். சோதனை வடிவங்கள் இந்த இரண்டையும் 1-இல் வைக்கத் தயங்கா. அதற்கு அவை இரண்டு நெட், அவ்வளவுதான். டிரைவர் நெட்டுகளை 0-வில் பூட்டுங்கள், பவர் பக்கச் சப்ளையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிஎஸ்டிஎல் கோப்பில் ஒவ்வொரு செல்லுக்கும் 'பாதுகாப்பான மதிப்பு' என்று ஒன்று இருக்கும். அது சிப்புக்குப் பாதுகாப்பானது, உங்கள் ரிலேயைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்டெஸ்ட்டுக்குள் போகுமுன் பிரீலோடில் (செல்களில் முன்கூட்டியே மதிப்பு வைக்கும் கட்டளை) சரியான மதிப்புகளை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

மீட்டர் போர்டுகளில் இன்னொன்று. பல போர்டுகளில் சப்ளை தனிமைப்படுத்தப்படாதது. போர்டின் கிரவுண்டே 230 வோல்ட் லைனில் உட்கார்ந்திருக்கும். மெயின்ஸில் செருகிவிட்டு ஜேடேக் கேபிளை மாட்டினால் அடாப்டர், கணினி, உங்கள் கை மூன்றும் லைனில். மெயின்ஸை முழுதாகக் கழற்றி, தனிமைப்படுத்திய பெஞ்ச் சப்ளையிலிருந்து 3.3 வோல்ட் மட்டும் கொடுத்துச் சோதியுங்கள். இதில் விதிவிலக்கு கிடையாது.

பட்டியலில் மிஞ்சியதை எல்லாம் 'கவனிக்காதே'-யில் தள்ளினால் என்ன?

பிழை எதுவும் வராது, அதுதான் பிரச்சினை. 'கவனிக்காதே' என்றால் 'இந்தப் பாகம் நெட்டின் 0, 1-ஐத் தொடவே தொடாது' என்று நீங்கள் கையெழுத்துப் போடுவதாக அர்த்தம். டீகப்ளிங் கெபாசிட்டர், டிவிஎஸ் டயோடு, கிரிஸ்டல், டெஸ்ட் பாயிண்ட், ஹீட்சிங்க், திருகுத் துளை: இவை சரி. நெட்டில் எதையாவது தள்ளக்கூடிய ஒரு ஐசி-யை அங்கே போட்டால் மென்பொருள் அதற்கு எதிராகத் தள்ளும். ஒன்று தவறான ஃபெயில் வரும், இல்லை இரண்டு வெளியீடும் மோதிச் சூடாகும். மாடல் எழுத நேரம் இல்லாத ஐசி-களை 'பிறகு பார்க்க வேண்டியது' என்று தனியாக வையுங்கள். மென்பொருளில் அப்படி ஒரு வகை இல்லையென்றால் அந்த நெட்டுகளில் அனுப்புவதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

ஸ்கீமாட்டிக்கில் இருக்கிறது, போர்டில் போடவில்லை. அதை?

'பொருத்தப்படவில்லை' என்று குறியுங்கள், அழித்துவிடாதீர்கள். போடாத 0 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இணைப்பாக நின்றால் பொய்யான ஓப்பன் பிழை வரும். ஒரே போர்டு இரண்டு மூன்று வேரியன்ட்டில் வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாகப் பட்டியல் வைத்து, நெட்லிஸ்ட்டை ஒன்றாகவே விடுங்கள்.

மிட்ராண்டில் பாஸ் ஆன போர்டு டர்பனில் ஃபெயில் ஆகிறது. வகை தவறா?

வகை சரியாகவே இருக்கலாம். கடலோர ஈரத்தில் கழுவாத ஃபிளக்ஸ் மிச்சமும் உப்பும் சேர்ந்து பின்களுக்கிடையே கசிவை உண்டாக்கும். 4.7 கிலோ ஓம் புல்-அப் உள்ள நெட் இதைப் பொருட்படுத்தாது. 100 கிலோ ஓம் புல்-அப்பின் எதிரே 100 கிலோ ஓம் கசிவு வந்தால் நெட் சரிபாதியில் நிற்கும், படிப்பது அன்றைய அதிர்ஷ்டம். ஃபெயிலான நெட்டுகளின் புல் மதிப்பைப் பாருங்கள். எல்லாம் பலவீனமானவை என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காயவைத்து, மறுபடி ஓட்டுங்கள். மிட்ராண்ட் இருக்கும் மேட்டுநிலத்தின் குளிர்காலத்தில் சங்கடம் வேறு: காற்று வறண்டு நிலைமின்சாரம் ஏறும். ரிஸ்ட் ஸ்ட்ராப் இல்லாமல் ஜேடேக் கேபிளைத் தொடாதீர்கள்.

கனெக்டரை எப்படிச் சேர்ப்பது?

வெறுமனே விட்டால் அங்கே முடியும் நெட்டுகளுக்கு ஷார்ட் சோதனை மட்டும் கிடைக்கும், கனெக்டர் காலின் ஓப்பன் தெரியாது. இரண்டு இரண்டு பின்களை இணைத்த லூப்பேக் பிளக் ஒன்று செய்து, அதையும் ஒரு பாகமாக எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பின்களை இணைக்காதீர்கள். அவற்றுக்கிடையேதான் ஷார்ட் வரும், லூப்பேக் அதை மறைத்துவிடும். ஒரு முனையில் 12 வோல்ட் வரும் கனெக்டருக்கு பிளக் செய்யும்போது அந்தக் கால்களை வெறுமையாக விடுங்கள்.

கவரேஜ் (சோதிக்கப்பட்ட பங்கு) 92 சதவீதம் என்று காட்டுகிறது. நம்பலாமா?

எதில் 92 என்று கேளுங்கள். சில மென்பொருள் நெட்டைக் கணக்கிடும், சில பின்னை. பவர், கிரவுண்ட் நெட்டைக் கணக்கில் சேர்த்தால் எண் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி. 'கவனிக்காதே'-யில் போட்டவற்றைக் கழித்துவிட்டு மீதிக்குச் சதவீதம் போடும் மென்பொருளில், நீங்கள் அதிகம் தள்ளத் தள்ள எண் ஏறும். வாடிக்கையாளருக்குச் சதவீதத்தோடு சோதிக்கப்படாத பின்களின் பட்டியலையும் கொடுத்தால் பின்னால் சண்டை வராது.

போர்டு புதிய ரிவிஷனுக்குப் போனால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டுமா?

வேண்டாம், ஆனால் பழைய வகைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவும் கூடாது. பழைய, புதிய நெட்லிஸ்ட்டை ஒப்பிட்டு மாறிய நெட்டுகளை மட்டும் எடுங்கள். கவனிக்க வேண்டியது பாக எண் மாறுவது: ஸ்கீமாட்டிக்கில் எண்களை மறுபடி போட்டிருந்தால் நேற்று ஆர்47 ஆக இருந்த புல்-அப் இன்று ரிலே டிரைவருக்குப் போகும் தொடர் ரெசிஸ்டராக இருக்கும், பழைய வகை அதன்மேல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பாக எண்ணை நம்பாமல், பார்ட் நம்பரும் இரண்டு முனையின் நெட் பெயரும் பொருந்தினால் மட்டும் பழைய வகையை ஏற்றுங்கள். நெட்டுகளுக்குப் போட்ட 'எப்போதும் 0', 'எப்போதும் 1' நிபந்தனைகளைத் தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு ரிவிஷனிலும் ஸ்கீமாட்டிக்கோடு கையால் சரிபாருங்கள். பவர் கொடுப்பதற்கு முன்.